ரோஹிணி வாங்கித் தராத தரிசனம்

சொந்த ஊர் திருப்பதிப் பக்கம் என்று ஒருவர் வாயைத் திறந்தால் போதும், எதிரில் இருப்பவர் அடுத்துப் பெயரைக் கேட்கமாட்டார். தரிசனம் கிடைக்குமா என்று கேட்பார். ஹைதராபாத்தில் பல் பிடுங்கிக்கொள்ளப் போன நகரிக்காரர் ஒருவரிடம் பல் டாக்டரே கேட்டிருக்கிறார். வாயில் பஞ்சு அடைத்திருந்ததால் நகரிக்காரர் தலையை மட்டும் ஆட்டினார். டாக்டர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, மனைவி மக்களோடு ரயிலேறி வந்து இறங்கிவிட்டார். இப்படிக் கேட்பவர்களில் பலர் படித்தவர்கள். வரிசையில் நிற்பது நல்ல பழக்கம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள். மலைமேல் இருக்கிற வரிசை மட்டும் மற்றவர்களுக்காகப் போடப்பட்டது என்பது அவர்கள் எண்ணம்.

நகரி ஏழுமலையின் மகள் ரோஹிணி விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆஃபீசராகச் சேர்ந்த கதையும் இந்தக் கேள்வியில்தான் வந்து மாட்டிக்கொண்டது.

ஏழுமலைக்கு வீட்டோடு சேர்ந்த பவர்லூம் கொட்டகை. தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. அதனால் அந்தத் தெருவில் யாரும் கத்துவதில்லை, கை காட்டுவார்கள். இழை அறுந்தால் ஒரு சாடை, ஊடுநூல் ஓட்டும் நாடா மாட்டிக்கொண்டால் ஒரு சாடை, சோறு ஆகிவிட்டது என்றால் ஒரு சாடை. அந்தத் தெருப் பையன் ஒருவன் பெண் பார்க்கப் போன இடத்தில், பிடிக்கவில்லை என்று அம்மாவுக்குக் கையாலேயே சொன்னான். பெண் வீட்டாரும் தறிக்காரர்கள் என்பது அவனுக்கு மறந்துவிட்டது. காபி வராமலே திரும்பினார்கள். ரோஹிணி இந்தத் தெருவில் வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் கரும்பலகையில் இருக்கிற விடையை விரலால் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவாள். மார்க்கு நன்றாக வாங்கியதால் யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. அடக்கமான பெண் என்று பாராட்டினார்கள். நம் ஊர்களில் ஒரு பெண் பேசாமல் இருந்தால் காரணம் விசாரிப்பதில்லை, நற்சான்று கொடுத்துவிடுகிறார்கள்.

அவள் விமானம் ஓட்டப் படித்து லைசென்ஸ் வாங்கினாள். வேலைக்காகக் காத்திருந்த காலத்தில் நகரி அவளைப் பற்றி நிறைய விசாரித்தது. வேலை கிடைத்ததும் விசாரணை நின்று உறவு தொடங்கியது.

ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சின்ன விமானக் கம்பெனி அது. புரொப்பெல்லர் வைத்த ஏடிஆர் விமானங்களில் பக்கத்து ஊர்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போவது அதன் தொழில். ரேணிகுண்டாவில் இருக்கும் திருப்பதி விமான நிலையத்துக்கும் அது பறந்தது. ஆர்டர் வந்த வாரமே ரோஹிணியின் தாய்மாமன் வேங்கடாசலம் நகரி பஸ் ஸ்டாண்டு எதிரில் ஃப்ளெக்ஸ் வைத்தார். தலைவர்கள் படம் பெரிதாக, வேங்கடாசலம் படம் நடுத்தரமாக, ரோஹிணி படம் மூலையில். தெலுங்கில் ஒருமுறையும் தமிழில் ஒருமுறையும் ‘விண்ணை ஆளும் கேப்டன் ரோஹிணி’ என்று எழுதியிருந்தது. பின்னால் பறந்த விமானம் அரபு நாடுகளுக்குப் போகிற நாலு என்ஜின் விமானம்.

“மாமா, நான் கேப்டன் இல்ல. ஃபர்ஸ்ட் ஆஃபீசரு. அந்த ஃப்ளைட்டும் எங்களுது இல்ல” என்றாள்.

“ஃப்ளெக்ஸ்ல எல்லாருமே ஒரு படி மேலதாம்மா கீறாங்க. என் பேருக்கு முன்னாடி இன்னா போட்டுகினு கீது பாரு. தொழிலதிபர். யார்னா கேட்டாங்களா?”

யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். வேங்கடாசலம் திருப்பதியில் டிராவல்ஸ் நடத்தினார். டிராவல்ஸ் என்றால் ஓர் இன்னோவாவும் அதை ஓட்டும் அவரும். அந்த இன்னோவாவில் ஏறி இறங்கியவர்களையெல்லாம் அவர் தனக்குத் தெரிந்தவர்கள் என்று சொல்லிக்கொள்வார். அந்தக் கணக்கில் அவருக்குத் தெரியாத பெரிய மனிதரே ஆந்திராவில் இல்லை.

ஃபர்ஸ்ட் ஆஃபீசர் என்பவர் வலதுபக்க இருக்கையில் உட்காருகிறவர். லைசென்ஸ் இருக்கிறதென்று உடனே தனியாக விட்டுவிடமாட்டார்கள். பயிற்சி கொடுக்கும் கேப்டன் இடதுபக்கம் இருக்க, பயணிகளை ஏற்றிக்கொண்டே பறந்து பழகவேண்டும். ஒரு பயணத்தில் கேப்டன் ஓட்டினால் அடுத்ததில் இவர் ஓட்டுவார். ஓட்டாத முறையிலும் சும்மா உட்கார முடியாது. மற்றவர் ஓட்டுவதைக் கவனித்து, வேகமோ உயரமோ தவறினால் வாய்விட்டுச் சொல்லவேண்டும். கடைசியில் பயிற்சி கேப்டன் ‘தகுதி’ என்று எழுதிக் கொடுத்தால்தான் வேலை நிலைக்கும்.

ரோஹிணி நன்றாகவே ஓட்டினாள். மற்றவர் ஓட்டும்போது கூர்மையாகக் கவனிக்கவும் செய்தாள். தவறு தெரிந்தால் வேகம் காட்டும் இடத்தில் விரலை வைத்துவிட்டு, தன் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டாள். கொட்டகையில் அது போதும். விமானத்தில் தரையிறக்குகிற ஆள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு விரல் தெரியாது, காது மட்டும்தான் திறந்திருக்கும். முதல் கேப்டன் பலமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, ‘பார்க்கிறார், சொல்வதில்லை’ என்று எழுதிப் பயிற்சியை நீட்டிவிட்டார். பயிற்சித் துறையில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள்: இன்னொரு கேப்டனோடு பறக்கவேண்டும், அவரும் திருப்திப்படாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அந்த இன்னொரு கேப்டன் வரதராஜன்.

வரதராஜன் சென்னைக்காரர். தலைமுடிக்கு மீசையைவிடக் கறுப்பாகச் சாயம் பூசுபவர். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அவர் செய்கிற உபதேசம் கம்பெனியில் பிரசித்தம். ரோஹிணிக்கும் முதல் நாளே செய்தார்.

“இங்க பாரும்மா. காக்பிட்ல சீனியர் ஜூனியர் கிடையாது. தப்புன்னா தப்புதான். நானே தப்பு பண்ணாலும் நீ என்னைக் கேக்கணும். கேப்பியா?”

“கேப்பேன், சார்.”

“குட். எந்த ஊரு உனக்கு?”

“நகரி, சார்.”

“நகரின்னா?”

“சித்தூர் மாவட்டம். திருப்பதி பக்கம்.”

வரதராஜன் நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “திருப்பதியா? அப்ப மேல யாரையாவது தெரிஞ்சிருக்குமே. ரொம்ப நாளா ஒரு நல்ல தரிசனம் பாக்கணும்னு இருக்கேன். இந்தக் கூட்டத்துல இடிபடாம, கிட்டத்துல, நிம்மதியா.”

சொல்ல வேண்டியதைச் சொல்வதில்லை என்று பெயர் வாங்கியவள், சொல்லத் தேவையில்லாத ஒரு வாக்கியத்தை அப்போது சொன்னாள்.

“எங்க மாமா இருக்காரு, சார்.”

இந்தத் தவறைத் திருப்பதிப் பக்கத்து ஆட்கள்தான் செய்வார்கள். தள்ளியிருக்கிற கூடூர்க்காரனிடம் யாரும் தரிசனம் கேட்பதில்லை, அதனால் அவன் தப்பித்தான். இங்கே பிறந்தவர்களுக்கு, மலையில் தனக்கு ஆள் இல்லை என்று ஒப்புக்கொள்வது தன் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று ஒப்புக்கொள்வது மாதிரி.

அன்றிலிருந்து வரதராஜனுக்கு ரோஹிணியின் ஓட்டத்தில் குறையே தெரியவில்லை. சக்கரம் தரையில் தொப்பென்று விழுந்தாலும் “நல்ல லேண்டிங்” என்றார். கவனிக்கும் முறையில் அவள் சொன்னாளா, விரலைக் காட்டினாளா என்று திரும்பிப் பார்க்கவும் இல்லை. மாமாவைப் பற்றி மட்டும் தினமும் விசாரித்தார். காலையில் ரேணிகுண்டாவில் இறங்கி, பிற்பகல் வரை விமானம் அங்கேயே நிற்கிற நாள் ஒன்று அவர்கள் இருவருக்கும் வந்தது. “அன்னைக்குத் தரிசனத்தை முடிச்சிட்டு, வந்து உன் ஃபைலையும் முடிச்சிடுவோம்” என்றார். இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னார். லஞ்சம் கேட்டதாக அவரிடம் யாராவது சொல்லியிருந்தால் மனம் புண்பட்டிருப்பார். பெருமாள் காரியத்தில் லஞ்சம் ஏது?

ரோஹிணி மாமாவுக்குப் போன் செய்தாள்.

“மாமா, நெஜமாவே மேல உனுக்கு யாராவது கீறாங்களா?”

“இன்னாம்மா இப்டி கேட்டுட்ட? அந்தா நேனு சூஸ்குண்டானு. எல்லாம் நான் பாத்துக்கறேன். சாரை யூனிஃபார்ம்ல வரச்சொல்லு.”

“கோயிலுக்கு வேட்டி கட்டணும், மாமா.”

“கீழ வேட்டி. மேல யூனிஃபார்மு. தோள்ல நாலு கோடு கீதில்ல, அது பளிச்னு தெரியணும்.”

“அது எதுக்கு?”

“எதுக்குன்னா? ஒரு மரியாதைக்கும்மா.”

“அந்த ஆளு பேரு இன்னா, மாமா?”

“பேரெல்லாம் போன்ல சொல்லக்கூடாது. யார்னா கேட்டுகினு இருப்பாங்க.”

இன்னோவா வேங்கடாசலத்தின் போனை யார் ஒட்டுக்கேட்கப் போகிறார்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். ஆனால் பதில் என்னவாக இருக்கும் என்ற பயம் அவளுக்கும் இருந்தது. அவளுக்கு அந்த ஃபைல் முடியவேண்டும்.

அந்த நாள் காலையில் ஹைதராபாத்தில் மூட்டை ஏற்றுகிற வண்டி பழுதாகிப் புறப்பாடு தாமதமானது. வரதராஜன் நிமிஷத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். முறைப்படி அன்று ரோஹிணி ஓட்டவேண்டிய பயணம் அது. “இதை நான் எடுத்துக்கறேன். கொஞ்சம் சீக்கிரம் போகணும்” என்றார். பட்டு வேட்டி அவர் பெட்டியில் தயாராக இருந்தது.

ரேணிகுண்டாவுக்குக் கிழக்கிலிருந்து வரும்போது, ஏர்பேட்டு வயல்களுக்கு மேலே நன்றாகத் தாழ்ந்து, மேற்கே நீண்டிருக்கும் ஓடுபாதைக்கு நேராக வந்துசேர வேண்டும். திருமலை வலப்பக்கம் முன்னால் எழுந்து நிற்கும். அன்று வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பாதை தூரத்திலேயே தெரிந்ததும் வரதராஜன் சுற்றி வருவதை விட்டுவிட்டு, ரோஹிணியை டவரில் அனுமதி வாங்கச் சொல்லிச் சீக்கிரமே உள்ளே திரும்பினார். குறுக்கே வெட்டினால் தூரம்தான் குறையும், உயரம் குறையாது. ஏர்பேட்டைக் கடக்கும்போது விமானம் இருக்க வேண்டிய உயரத்துக்கு வெகுமேலே இருந்தது. அவர் மூக்கைக் கீழே அழுத்தினார். அழுத்தினால் வேகம் ஏறும். ஏறியது.

அந்த நேரத்தில் மலை கண்ணுக்குப் பட்டது. வரதராஜன் என்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பவர் லீவரில் இருந்த வலக்கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு கன்னத்தோடு விடவில்லை.

ஓடுபாதைக்கு மேலே ஆயிரம் அடிக்கு வரும்போது சக்கரங்கள் இறங்கியிருக்கவேண்டும், இறக்கையின் பின்பக்கம் நீளும் ஃப்ளாப்ஸ் கடைசி நிலைக்கு வந்திருக்கவேண்டும், வேகம் குறித்த அளவுக்கு அடங்கியிருக்கவேண்டும். இதில் எது குறைந்தாலும் அன்ஸ்டேபிள், இறங்கக் கூடாது. மேலே ஏறிப் போய் ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வரவேண்டும். கோ அரவுண்ட் என்பார்கள். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை என்று எல்லாக் கம்பெனிகளும் எழுதி வைத்திருக்கின்றன. எல்லாக் கேப்டன்களும் அதை ஒப்புக்கொள்வார்கள், தரையில் இருக்கும்வரை.

“ஃப்ளாப்ஸ்” என்றார் வரதராஜன்.

கேப்டன் சொன்னால் ஃப்ளாப்ஸ் லீவரை நகர்த்த வேண்டியது ரோஹிணி. இவ்வளவு வேகத்தில் நகர்த்தினால் ஃப்ளாப்ஸ் தாங்காது. அவள் நகர்த்தவில்லை. வேகம் காட்டும் இடத்தில் விரலை வைத்தாள்.

வரதராஜன் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அப்பா ஏழுமலையாக இருந்தால் கொட்டகையின் அந்தக் கோடியிலிருந்தே அந்த விரலைப் பார்த்திருப்பார். இவர் பார்க்கவில்லை.

“ஃப்ளாப்ஸ்னு சொன்னேன்.”

“ஸ்பீட், சார்.”

“குறையுது, குறையுது.”

குறையவில்லை. உயரம் ஆயிரம் அடியைத் தொட்டது. ஃப்ளாப்ஸ் இன்னும் பாதி நிலையிலேயே இருந்தது. கீழே ரயில் பாதையும் வீடுகளும் வழக்கத்தைவிட வேகமாகப் பின்னால் போயின.

“அன்ஸ்டேபிள். கோ அரவுண்ட்” என்றாள் ரோஹிணி.

“பாதை நீளமாத்தான் இருக்கு. கன்டின்யூ.”

வேலை, ஃபைல், நகரி எல்லாம் அந்தக் கணத்தில் அவளுக்கு நினைவு வந்ததா என்று பிற்பாடு மோகனப்ரியா கேட்டாள். மோகனப்ரியா அந்த விமானத்தின் பணிப்பெண். நினைவு வந்ததாம். வந்ததால்தான் இரண்டாவது முறை சொல்ல அத்தனை நேரமாயிற்றாம். அத்தனை நேரம் என்பது ஒரு மூச்சு விடுகிற நேரம்.

“சார், கோ அரவுண்ட்.”

இந்தத் தடவை சத்தமாகச் சொன்னாள். இரண்டு கைகளும் தன் முன்னால் இருந்த கட்டுப்பாட்டுப் பிடிக்குப் போயிருந்தன. இரண்டு முறை சொல்லியும் கேப்டன் கேட்காவிட்டால் வலதுபக்கத்தில் இருப்பவர் விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. சீனியர் ஜூனியர் கிடையாது என்று சொன்ன மனிதர் திரும்பி, முதலில் அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். அவள் எடுத்துக்கொண்டுவிடுவாள் என்பது அவருக்குப் புரிந்தது. தன் பேச்சைக் கேட்டு ஒருத்தி நடந்துகொள்வாள் என்று அவர் எதிர்பார்த்ததில்லை.

“கோ அரவுண்ட்” என்று அவரே சொன்னார், ஏதோ தனக்குத் தோன்றியதைப் போல. பவர் லீவரை முன்னால் தள்ளினார். விமானம் மூக்கைத் தூக்கி ஏறியது. தெற்கே திரும்பி, வந்த வழியே கிழக்கே போய், வரவேண்டிய முறையில் வந்து இறங்கினார்கள்.

பயணிகளுக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. கிழக்கே போகையில் இடப்பக்க ஜன்னல்களில் மலை முழுவதும் தெரிந்ததால், பெருமாள் மலையைக் காட்டத்தான் விமானத்தைச் சுற்றவிடுகிறார்கள் என்று முடிவுகட்டி, எல்லோரும் செல்போனைத் தூக்கிவிட்டார்கள். இறங்கிப் போகும்போது ஒருவர் மோகனப்ரியாவிடம், “கேப்டன் சாருக்கு எவ்ளோ பக்தி” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் பிழையொன்றும் இல்லை.

வேங்கடாசலம் வெளியே மாலையோடு காத்திருந்தார். வரதராஜன் ரோஹிணியைத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினார். கம்பெனி அறைக்குப் போய் வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். கீழே ஜரிகைக் கரை, மேலே வெள்ளைச் சட்டை, தோளில் நான்கு கோடு. கல்யாண மண்டபத்தில் பேண்டு வாசிக்கிறவர் பந்திக்குக் கிளம்பிய மாதிரி இருந்தது. வேங்கடாசலம் அவரைத் தூரத்தில் நிற்கவைத்துப் பார்த்து, “சூப்பர் சார்” என்று சொல்லி இன்னோவாவில் ஏற்றினார்.

ரோஹிணியும் மோகனப்ரியாவும் கேன்டீனில் இட்லி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“அக்கா, அவரு உங்க பேப்பர்ல என்ன எழுதுவாரு?”

“தரிசனம் எப்டி ஆகுதுன்றதைப் பொறுத்து” என்றாள் ரோஹிணி.

பிற்பகல் மாமாவிடமிருந்து போன் வந்தது. பின்னால் மலைப்பாதையில் இறங்குகிற வண்டிகளின் இரைச்சல். டீக்கடையில் சாரை இறக்கிவிட்டுத் தனியாக வந்து பேசுவதாகச் சொன்னார்.

“ஆவலம்மா. வுடல.”

“உன் ஆளு இன்னா சொன்னாரு?”

“ஆளுன்னு… ஆளு ஒருத்தரும் இல்லம்மா. அந்த நாலு கோட்டப் பாத்தா கேட்ல வுட்ருவாங்கன்னு ஒரு நம்பிக்கைல போனேன். அங்க நிக்கற புள்ள பார்த்துட்டு, ‘நீங்க எந்த ஓட்டல், சார்?’னு கேட்டுட்ச்சி. டிக்கெட் இருந்தா காட்டுங்க, இல்லன்னா வரிசை அந்தப் பக்கம்னு சொல்ட்டாங்க. இவரு வரிசைல நிக்கமாட்டேன்னுட்டாரு.”

“அவர்கிட்ட இன்னா சொன்ன?”

வேங்கடாசலம் குரலைத் தாழ்த்தினார். “லேட்டாயிட்ச்சி சார், நம்ம ஆளு பாத்துகினே இருந்துட்டு இப்பத்தான் போனாராம், ஒரு பத்து நிமிஷம் முன்னாடி ப்ளேன் எறங்கியிருந்தா வேலை முடிஞ்சிருக்கும்னு சொன்னேன். வேற இன்னா சொல்றது? மானம் போய்டாது?”

“என் வேலை போய்டும், மாமா.”

“சே, அதெல்லாம் பர்லேதும்மா, ஒண்ணும் ஆவாது. அடுத்த வாட்டி பக்காவா ஏற்பாடு பண்றேன்னு சொல்லிக்கீறேன்” என்றார் வேங்கடாசலம்.

இல்லாத ஆள் பத்து நிமிஷம் காத்திருந்துவிட்டுப் போன கதையோடு வரதராஜன் திரும்பி வந்தார். ரோஹிணி அப்போது வெயிலில் விமானத்தைச் சுற்றி வந்து சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புறப்படுமுன் ஃபர்ஸ்ட் ஆஃபீசர் செய்ய வேண்டிய சோதனை அது. வரதராஜன் கால்சட்டைக்கு மாறியிருந்தார். இறக்கையின் நிழலில் வந்து நின்றார். கோபமாக இல்லை. பெருந்தன்மையாக இருந்தார், அது இன்னும் மோசம்.

“உங்க மாமா ரொம்ப ஃபீல் பண்ணார். பத்து நிமிஷத்துல போச்சாம். காலையில நீ கொஞ்சம் அவசரப்பட்டுட்ட, ரோஹிணி. நான் சமாளிச்சிருப்பேன்.”

ரோஹிணி டயரின் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

“பரவாயில்ல, விடு. புதுசு, பயம் இருக்கத்தான் செய்யும். இந்த மாசக் கடைசில நமக்கு மறுபடி இங்க நிக்கற நாள் வருது. மாமா ஏற்பாடு பண்றேன்னிருக்கார். அன்னைக்கே உன் ஃபைலையும் முடிச்சிடலாம்.”

ஆம் சார் என்று சொன்னால் போதும். தலையை ஆட்டினாலும் போதும். அந்த மாசக் கடைசிக்குள் மாமா உண்மையாகவே எங்காவது அலைந்து ஒரு டிக்கெட்டைப் பிடித்துவிடவும் கூடும். காலையில் விமானம் இறங்கத் தகுதியற்ற நிலையில் வந்தது என்பதை மட்டும் அவள் மறந்துவிடவேண்டும்.

“மாமாவுக்கு மேல யாரையும் தெரியாது, சார்.”

“என்னது?”

“ஆளே கிடையாது. நீங்க போட்டிருந்த சட்டையைப் பாத்து விட்டுடுவாங்கன்னு கூட்டிட்டுப் போயிருக்காரு. எப்ப இறங்கியிருந்தாலும் தரிசனம் கிடைச்சிருக்காது. மாமா இருக்காருன்னு உங்ககிட்ட சொன்னது என் தப்பு.”

வரதராஜன் தோளிலிருந்த கோடுகளை ஒருமுறை தடவினார். டிக்கெட் கேட்ட பிள்ளையையும், அந்த ஓட்டல் கேள்வியையும், தான் நின்ற கோலத்தையும் அவர் இப்போது இன்னொரு முறை பார்த்துக்கொண்டிருந்திருக்கவேண்டும்.

“கோ அரவுண்ட் தப்பில்ல, சார்” என்றாள் ரோஹிணி. “அதை மட்டும் தப்புன்னு சொல்லாதீங்க.”

ஹைதராபாத்தில் இறங்கியதும் வரதராஜன் அவளைப் பற்றி எழுத வேண்டியதை எழுதினார். ‘அளவுக்கு மீறிப் பேசுகிறார். மூத்தவரின் முடிவில் அவசரப்பட்டுத் தலையிடுகிறார். தகுதி இல்லை.’

ஆக, சொல்வதில்லை என்று ஒரு கேப்டனும், அளவுக்கு மீறிச் சொல்கிறாள் என்று இன்னொரு கேப்டனும் எழுதியது ஒரே ஃபைலில் அடுத்தடுத்து இருந்தது. பயிற்சித் துறைத் தலைவர் இரண்டையும் படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார். ஏன் கோ அரவுண்ட் சொன்னாய் என்று கேட்டார். உயரம் இவ்வளவு, வேகம் இவ்வளவு, ஃப்ளாப்ஸ் இந்த நிலை என்று அவள் சொன்னாள். தரிசனத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அது விமானத்தின் நிலைக்குச் சம்பந்தமில்லாதது. அவர் வரதராஜனையும் கூப்பிட்டார். முன்னெச்சரிக்கையாகத் தானே எடுத்த முடிவு அது என்றார் வரதராஜன். அப்படியானால் இந்தப் பெண் தலையிட்டது எதில் என்று தலைவர் கேட்டார். வரதராஜனை யாரும் எதுவும் செய்யவில்லை. நரைத்த கேப்டன்களைத் தண்டிப்பது அந்தக் கம்பெனியில் வழக்கமில்லை. பயிற்சி கொடுப்பதிலிருந்து மட்டும் ஓசைப்படாமல் எடுத்துவிட்டார்கள். ரோஹிணிக்குக் கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்து, கேப்டன் இஸ்மாயிலோடு அனுப்பினார்கள்.

இஸ்மாயில் ஆம்பூர்க்காரர். உபதேசம் கிடையாது, ஹோட்டலில் சேர்ந்து சாப்பிடும் பழக்கமும் கிடையாது. முதல் நாள் விஜயவாடாவுக்குப் பறக்கும்போது மேலே ஏறிச் சமமாகப் போகத் தொடங்கியதும் வாயைத் திறந்தார்.

“நீங்க திருப்பதி சைடாமே?”

ரோஹிணி கருவிகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஆமா, சார்.”

“எனக்கில்லம்மா, தப்பா நினைக்காதீங்க. எங்க அபார்ட்மென்ட் செக்ரட்டரி ஒருத்தர் உயிரை எடுக்கிறார். அவருக்கு ஒரு தரிசனம்…”

“எனக்கு மேல யாரையும் தெரியாது, சார். எங்க வீட்லயும் யாருக்கும் தெரியாது. அவரை வரிசைல நிக்கச் சொல்லுங்க.”

இஸ்மாயில் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, “அப்படியே சொல்லிடறேன்” என்றார். “நீங்க சொன்னதாவே சொல்றேன். எனக்குத் தைரியம் பத்தாது.”

அடுத்து வந்த நாட்களில் அவர் ஓட்டும்போது வேகம் கொஞ்சம் கூடினாலும் ரோஹிணி சொன்னாள், உயரம் கொஞ்சம் தவறினாலும் சொன்னாள். விரல் இப்போதும் முன்னால் போகும், ஆனால் வாய் அதற்காகக் காத்திருப்பதில்லை. இஸ்மாயில் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கொண்டதற்கு அடையாளமாக “செக்” என்றார், சரிசெய்தார். கடைசி நாள் ஃபைலில் ‘தகுதி’ என்று எழுதினார். இரண்டாவது வார்த்தை எழுதவில்லை.

ரோஹிணி இப்போது வேலை நிலைத்த ஃபர்ஸ்ட் ஆஃபீசர். வாரத்தில் சில நாள் ரேணிகுண்டாவுக்கு வந்து போகிறாள். யார் கேட்டாலும் தனக்கு மலையில் ஆள் இல்லை என்கிறாள். நகரியில் அவளுக்கு இருந்த மதிப்பு இதனால் வெகுவாகக் குறைந்துவிட்டது. அவள் அம்மா வள்ளி குழாயடியில் நின்றபோது பக்கத்து வீட்டு வெங்கடம்மா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“ஏரோப்ளேன் ஓட்றாளாம், பெரிய ஏரோப்ளேன். ஒரு தரிசனம் வாங்கிக் குடுக்க வக்கில்ல.”

“அவ ப்ளேன எறக்கற எடம் ரேணிகுண்டா, மலைமேல இல்ல” என்றாள் வள்ளி. “உனுக்கு சாமியப் பாக்கணும்னா தெனமும் பஸ்ஸு போய்க்கினு தான கீது. ஏறிப் போய் வரிசைல நில்லு.”

வெங்கடம்மா பஸ் ஏறவில்லை. வீட்டுக்குப் போய் வேங்கடாசலத்துக்குப் போன் செய்தாள்.